சிறப்புத் தேவை உள்ள குழந்தையைத் தத்தெடுக்க: சேலம், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு நல்ல குழந்தை மருத்துவரைப் பிடித்து வையுங்கள். நான் சொல்லப்போவதில் பாதி அவ்வளவுதான். மீதிப் பாதி காகிதம்.

நானும் என் கணவரும் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் குடியிருந்தபோது பதிவு செய்தோம். இப்போது பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு தடைபடுவது) உள்ள எங்கள் பெண்ணோடு கோரிமேட்டில் இருக்கிறோம். நடுவில் எதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நாங்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சட்டம் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் இதில் இல்லை. நேராக வேலைக்குப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. "தெரிந்த நர்ஸ் ஒருத்தர் இருக்கிறார், பேசி முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். 2019-ல் பக்கத்து ராசிபுரத்தில் வெடித்த குழந்தை விற்பனை வழக்கு நம் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். குழந்தையை வாங்குவதற்கும் விற்பதற்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். அதைவிட மோசம், எத்தனை வருடம் கழித்தும் அந்தக் குழந்தையை உங்களிடமிருந்து எடுத்துப் போய்விடலாம்.

1. தத்தா, வளர்ப்புப் பராமரிப்பா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய் நிற்பவர்கள் நிறைய. தத்து என்றால் குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளை, சொத்துரிமை உட்பட எல்லாம் உண்டு, நினைத்தபோது திரும்பக் கொடுத்துவிட முடியாது. வளர்ப்புப் பராமரிப்பு என்றால் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின்படி குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் வீட்டில் வைத்து வளர்ப்பது. முதலில் ஓராண்டுக்குக் கொடுப்பார்கள், அப்புறம் நிலைமையைப் பார்த்து நீட்டிப்பார்கள்.

வளர்ப்புப் பராமரிப்புக்கு வருவது பெரும்பாலும் 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள். இல்லங்களில் இருந்தும் யாரும் தத்தெடுக்க முன்வராத, சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளும் இதில் உண்டு. 2024-ல் மத்திய அரசு வெளியிட்ட வளர்ப்புப் பராமரிப்பு நெறிமுறைகள்படி 35 முதல் 60 வயது வரை உள்ள தனி நபரும் விண்ணப்பிக்கலாம், கல்யாணம் ஆகாதவர், கணவரை இழந்தவர், விவாகரத்து ஆனவர் யாராக இருந்தாலும் சரி. ஆனால் தனி ஆணிடம் ஆண் குழந்தையை மட்டும்தான் ஒப்படைப்பார்கள். தம்பதி என்றால் இருவர் வயதையும் கூட்டினால் 70-க்குக் குறையக் கூடாது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. 2 ஆண்டு வளர்த்த பிறகு அதே குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள், முன்பு இது 5 ஆண்டாக இருந்தது.

என் அபிப்பிராயம் கேட்டால், 8, 9 வயதுப் பிள்ளையை மனதில் வைத்திருப்பவர்கள் வளர்ப்புப் பராமரிப்பில் தொடங்குவது நல்லது. அந்த வயதுப் பிள்ளைக்கும் உங்களைப் பார்த்து யோசிக்க அவகாசம் வேண்டும். கைக்குழந்தை என்றால் நேராகத் தத்துக்குப் போங்கள். கீழே உள்ள படிகள் தத்துக்கானவை. வளர்ப்புப் பராமரிப்புக்கு வாசல் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுதான்.

2. வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பதிவு செய்யும் நாளில் உள்ள வயதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். தம்பதி என்றால் இருவர் வயதும் சேர்ந்து, 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 85-ஐத் தாண்டக் கூடாது, 2 முதல் 4 வயதுக்கு 90, 4 முதல் 8-க்கு 100, 8 முதல் 18-க்கு 110. தனி நபர் என்றால் இதே வரிசையில் 40, 45, 50, 55. குழந்தைக்கும் உங்களுக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும். தம்பதிக்குக் கல்யாணமாகி 2 ஆண்டு முடிந்திருக்க வேண்டும். தனியாக இருக்கும் ஆணுக்குப் பெண் குழந்தையைத் தத்துக் கொடுக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே 2 குழந்தைகள் இருக்கிறார்கள், இனிமேல் கொடுக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். சிறப்புத் தேவை உள்ள குழந்தைக்கு அந்தத் தடை கிடையாது, தாராளமாகப் பதிவு செய்யலாம். அதேபோல் சுகர் இருக்கிறதே, பிரஷர் இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது, அதுதான் விதி.

3. ஆவணங்கள்: பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா?

நம் ஊரில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். ஆதாரில் "ரா. செல்வி", பான் கார்டில் "செல்வி ராமசாமி", கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஒன்றில் கணவர் பெயரின் இனிஷியல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், ஆனால் பைலைப் பார்ப்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பதிவு செய்துவிட்டால் 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்றியாக வேண்டும், ஆதார் திருத்தம் அந்த நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். அதனால் முதலில் திருத்தம், பிறகு பதிவு.

எடுத்து வைக்க வேண்டியவை: இருவரின் ஆதார், பான், பிறந்த தேதிக்கான ஆதாரம், முகவரிக்கான ஆதாரம், வருமானச் சான்று, திருமணப் பதிவுச் சான்றிதழ் (விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பு நகல், துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்று), மருத்துவத் தகுதிச் சான்று, குடும்பப் புகைப்படம், உங்களை நன்றாகத் தெரிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம். வீட்டில் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் கேட்பார்கள்.

கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டு, பதிவு செய்யாமலே வருடக்கணக்காக இருப்பவர்கள் சார்பதிவாளர் ஆபீஸ் வேலையை முதலில் முடியுங்கள். கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறைக்கு எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட் உதவும்.

வருமானச் சான்று சம்பளக்காரர்களுக்குச் சுலபம். செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், லாரி ஓட்டுபவர், மலையில் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர் என்ன செய்வது? வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அது போதும், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடமிருந்து வருமானச் சான்று வாங்கலாம். கட்டணம் 60 ரூபாய். கூடுதலாகக் காட்டினால் குழந்தை கிடைக்கும் என்று தொகையை ஏற்றிச் சொல்லாதீர்கள், வீட்டுக்கு வரும் சமூகப் பணியாளர் சமையலறையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

4. பதிவும் வீட்டு ஆய்வும்

பதிவு முழுக்க காரா, அதாவது மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் கேரிங்ஸ் இணையதளத்தில்தான். உங்கள் ஊர் இல்லத்திலேயே போய்க் கேட்டு, அங்கேயே பார்த்து, அங்கேயே வாங்கி வருவதெல்லாம் இப்போது கிடையாது. ஆன்லைனில் கை வராதவர்கள் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஆவணங்களோடு போனால் உதவுவார்கள். காராவின் இலவச எண் 1800-11-1311. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், அன்று கலெக்டர் ஆபீஸ் பக்கம் இதற்காகப் போகாதீர்கள், யாரும் உட்கார்ந்து பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

படிவத்தில் சிறப்புத் தேவை உள்ள குழந்தை சம்மதமா என்ற கேள்வி வரும். சாதாரணப் பட்டியலில் கைக்குழந்தைக்குக் காத்திருப்பு 3 ஆண்டைத் தாண்டிவிடுகிறது. சிறப்புத் தேவைப் பட்டியலில் அந்தக் காத்திருப்பு இல்லை. அதனால் "சீக்கிரம் கிடைக்கும்" என்று இதை டிக் செய்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தக் காரணத்துக்காகச் செய்யாதீர்கள். பாதியில் குழந்தையைத் திருப்பி அனுப்பும் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான் என்பது என் கணிப்பு.

ஆவணங்கள் ஏறிய பிறகு 60 நாளுக்குள் வீட்டு ஆய்வு, அதாவது சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து உங்கள் குடும்பத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது, முடிய வேண்டும் என்பது விதி. அறிக்கை 3 ஆண்டு செல்லும். அது ஏறி ஒப்புதல் ஆன பிறகுதான் இணையதளப் பட்டியலில் ஒரு குழந்தையை உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ள முடியும். யாரும் வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள், போன் செய்துகொண்டே இருங்கள். மலைமேல் இருப்பவர்கள் முக்கியமாக இதைச் செய்ய வேண்டும், ஏற்காட்டுக்கு ஒரு வீட்டுக்காக மட்டும் ஏறிவர யாருக்கும் தோன்றாது.

ஆய்வில் என்ன கேட்பார்கள்? வீடு எவ்வளவு பெரிது என்பதல்ல விஷயம். பகலில் குழந்தையோடு யார் இருப்பார்கள், வேலையை யார் விடப்போகிறார்கள், கடன் எவ்வளவு, குழந்தை நடக்கவே நடக்காமல் போனால் என்ன செய்வீர்கள், இப்படித்தான் போகும். பெரியவர்களிடம் தனியாகவும் பேசுவார்கள். மாமியாருக்குச் சம்மதம் இல்லையென்றால் அதை மறைக்காமல் முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் என் மாமியார், "நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போயிருவீங்க, தூக்கிச் சுமக்கப் போறது நான்தானே" என்று ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளரிடமே சொன்னார். அது எங்களுக்கு எதிராகப் போகவில்லை, அறிக்கையில் "வீட்டில் வெளிப்படையாகப் பேசுகிறார்கள்" என்று வந்தது!

5. குழந்தையின் மெடிக்கல் ரிப்போர்ட்டை டாக்டரோடு உட்கார்ந்து படியுங்கள்

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமான படி, அவசரமாகத் தாண்டுவதும் இதைத்தான்.

சிறப்புத் தேவை என்பது பெரிய வட்டம். பிளவு உதடு, வளைந்த பாதம், இதயத்தில் ஓட்டை போல சிகிச்சையில் பெருமளவு சரியாகக்கூடியவை ஒரு பக்கம். காது கேளாமை, பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம் போல வாழ்நாள் முழுக்கக் கூட வருபவை இன்னொரு பக்கம். எது உங்களால் முடியும் என்பதைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். படத்தைப் பார்த்த பிறகு யோசிக்க முடியாது, யாராலும் முடியாது.

குழந்தையோடு இரண்டு அறிக்கை வரும். ஒன்று குழந்தை எங்கே எப்படி வந்தது, எப்படி வளர்கிறது என்பது. இன்னொன்று மருத்துவப் பரிசோதனை. இதை நீங்கள் விரும்பும் டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒதுக்கிக்கொள்ள 48 மணி நேரம், ஒதுக்கிய பிறகு நேரில் பார்த்து முடிவு சொல்ல 30 நாள். அந்த 48 மணி நேரத்தில் புதிதாக டாக்டரைத் தேடி அப்பாயின்ட்மென்ட் வாங்க முடியுமா? அதனால்தான் முதல் வரியிலேயே சொன்னேன்.

டாக்டரிடமும், குழந்தையை வைத்திருக்கும் தத்து மையத்திடமும் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். தலைச் சுற்றளவு ஒரு நாள் அளவு போதாது, மாதாமாதம் எடுத்த அளவுகள் வேண்டும், அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் சேதி. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தார்களா, எடுக்காமலே "கேட்கிறது" என்று எழுதியிருக்கிறார்களா? குறைமாதக் குழந்தை என்றால் விழித்திரைப் பரிசோதனை நடந்ததா? தைராய்டு பார்த்தார்களா? வலிப்பு வந்திருந்தால் கடைசியாக எப்போது, என்ன மருந்து, எவ்வளவு அளவு? எக்கோ, எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும். பெருமூளை வாதம் என்றால் குழந்தையால் எவ்வளவு நகர முடிகிறது என்று சொல்லும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற அளவில் 5 நிலை உண்டு, 1 என்றால் தானாக நடக்கும், 5 என்றால் தலையை நிறுத்தக்கூட ஆள் வேண்டும். எந்த நிலை என்று கேளுங்கள்.

"வளர்ச்சி தாமதம்" என்று மட்டும் எழுதியிருப்பது நோயின் பெயர் அல்ல. தூக்கிக் கொஞ்ச ஆள் போதாத இல்லத்தில் படுத்தே கிடந்த குழந்தை தாமதமாகத்தான் உட்காரும். வீட்டுக்கு வந்ததும் சில குழந்தைகள் மளமளவென்று பிடித்துவிடும், சிலவற்றுக்கு உள்ளே வேறு காரணம் இருக்கும். அந்த ஒரு வார்த்தையை வைத்து இது எந்த வகை என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அவர் உறுதியாகச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். அதேபோல 1 வயதுக் குழந்தையின் அறிக்கையில் ஆட்டிசம் இல்லை என்று இருந்தால் அதை ஒரு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது தெரியவரும் வயது இன்னும் வரவில்லை.

முடியாது என்று தோன்றினால் இந்தக் கட்டத்தில் "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். குற்றவுணர்ச்சி வரும், வரட்டும். வீட்டுக்குக் கூட்டிவந்து ஆறு மாதம் கழித்துத் திருப்பி அனுப்புவதுதான் அந்தக் குழந்தைக்குச் செய்யும் பெரிய தீங்கு.

6. நேரில் பார்ப்பதும் கூட்டி வருவதும்

குழந்தை சேலத்திலேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள், தமிழ்நாட்டின் வேறு மூலையிலோ வேறு மாநிலத்திலோ இருக்கலாம். போகும்போது கணவன் மனைவி இருவரும் போங்கள், மருத்துவ வார்த்தை தெரிந்த ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் பேசுங்கள். டாக்டர் சொல்லாததை அவர் சொல்வார்: எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும், எதைக் கொடுத்தால் புரையேறும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும். வெளிமாநிலக் குழந்தை என்றால் அவர்கள் தாலாட்டும்போது சொல்லும் வார்த்தைகளைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு, கலெக்டரின் தத்து உத்தரவு வரும்வரை குழந்தையைத் தத்துக்கு முந்தைய பராமரிப்பில் உங்களிடம் கொடுப்பார்கள். கூட்டி வரும் நாளில் தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டுகள், எல்லா டெஸ்ட் ரிப்போர்ட்களின் அசல் அல்லது நகல், குடித்துவந்த பால் பவுடரின் பெயர், இவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு இடத்தில் எங்களிடம் "அப்புறம் தபாலில் அனுப்புகிறோம்" என்றார்கள், அந்தத் தபால் வரவே இல்லை, எம்.ஆர்.ஐ.யைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. சின்னக் குழந்தைக்கு அதற்காக மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும். ஆகவே கையில் வாங்காமல் வண்டியில் ஏறாதீர்கள்.

இன்னொன்று, உத்தரவு வரும்வரை குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி தவறு.

7. கலெக்டர் உத்தரவு

2022 செப்டம்பரில் இருந்து தத்து உத்தரவைப் பிறப்பிப்பது நீதிமன்றம் அல்ல, கலெக்டர். யாராவது வக்கீல் "கோர்ட்டில் போட வேண்டும், இவ்வளவு ஆகும்" என்றால் அது பழைய கதை. தத்து மையம்தான் விண்ணப்பத்தைக் கொடுக்கும், நீங்கள் வக்கீல் வைக்கத் தேவையில்லை. 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உத்தரவு வந்ததும் சான்றளித்த நகல்கள் கூடுதலாகக் கேளுங்கள், பள்ளி, வங்கி, பாஸ்போர்ட் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதை வைத்து உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ், பிறகு ஆதார், பிறகு ரேஷன் கார்டு, இந்த வரிசையில் போங்கள். உத்தரவில் பெயர் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

அதன் பிறகும் 2 ஆண்டுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வருவார்கள். போலீஸ் விசாரணை மாதிரி நடுங்க வேண்டாம், தெரபி பற்றிய சந்தேகங்களைக் கேட்க அது நல்ல சந்தர்ப்பம்.

8. செலவு

பதிவு, வீட்டு ஆய்வு 6,000 ரூபாய். குழந்தை பராமரிப்பு நிதிக்கு 50,000. பின்தொடர் வருகை ஒவ்வொன்றுக்கும் 2,000, நான்கு வருகைக்கு 8,000. ஆக 64,000. இதற்கு மேல் நன்கொடை என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், ரசீது வாங்குங்கள்.

உண்மையான செலவு இதற்குப் பிறகுதான். தனியாரில் பிசியோதெரபியோ ஸ்பீச் தெரபியோ ஒரு தடவைக்குச் சில நூறு ரூபாய், வாரத்தில் நான்கைந்து நாள் என்றால் மாதக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்த்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு வைக்கலாம். கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அது இருக்காது, வேலை மாறும் எண்ணம் இருந்தால் அதையும் யோசியுங்கள்.

9. தெரபி எங்கே, பள்ளி எங்கே

ஏற்காட்டில் குழந்தை வளரக் காற்று நல்லது, எல்லாம் சரி. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு, கீழே சேலம் வரை சுமார் 30 கிலோமீட்டர், வலிப்பு மருந்து குடித்து வாந்தி எடுக்கும் குழந்தையை வாரத்தில் பல நாள் இறக்கி ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். நாங்கள் அதனால்தான் கீழே வந்தோம். மேலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் தெரபிஸ்டிடம் வீட்டில் செய்யும் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு, 15 நாளுக்கு ஒருமுறை இறங்கி வருகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபி இலவசம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும். சிக்கலான நோய்க்கணிப்புக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி., காது, பேச்சுக்கு மைசூருவின் பேச்சு-கேட்பியல் நிறுவனம், பல குறைகள் சேர்ந்திருந்தால் சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம். பள்ளி வயது வந்ததும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் உள்ள உங்கள் வட்டார வள மையத்துக்குப் போங்கள், சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் அங்கிருந்துதான் வருவார்கள். பள்ளிக்கே வர முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

10. வாங்க வேண்டிய அட்டைகளும் சலுகைகளும்

முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.). புதுப் பெயரில் ஆதார் வந்த பிறகு எடுங்கள், இல்லையென்றால் மறுபடி திருத்தம். அது கையில் இருந்தால்தான் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மற்றவை நகரும். அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு.

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் வரை, தெரபி செலவையும் ஏற்கும், அதனால்தான் இதைக் கட்டாயம் எடுக்கச் சொல்கிறேன். வருமான வரியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிப்பதற்கு (1961-ம் ஆண்டுச் சட்டத்தில் 80 டிடி பிரிவு) 75,000 கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்றால் 1,25,000. இது பழைய வரி முறையில் மட்டும்தான், புதிய முறைக்கு மாறியிருப்பவர்கள் இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

குழந்தைக்கு 18 முடிந்ததும் பெற்றோர் என்ற முறையில் தானாகக் கையெழுத்துப் போட முடியாது. மேலே சொன்ன நான்கு வகைக் குறைபாட்டுக்கும் சட்டப்படி காப்பாளராக, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு முடங்கிய பிறகு ஓடாமல், பிறந்தநாள் வருவதற்குச் சில மாதம் முன்பே அந்தப் படிவத்தை வாங்கி வையுங்கள்.